எங்கள் எலிகள் புகை பிடித்ததில்லை

ஈப்போவுக்கு வந்து இறங்கிய அன்று எனக்கு ஒரு தம்ளர் காப்பியும் ஒரு காலி சூசு டின்னும் கொடுத்தார்கள். சூசு என்றால் இங்கே கெட்டிப்பால். காப்பி புரிந்தது, டின் புரியவில்லை. சில்லறை போட்டு வைக்க என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அது துப்புவதற்கு. புந்தோங்கில் இருக்கும் இந்த வீட்டில் வெற்றிலை போடுகிற ஒவ்வொருவருக்கும் சொந்த டின் உண்டு. விருந்தாளிக்கும் ஒன்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை என்று சொன்னதும் என் சம்பந்தியம்மா பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சாப்பிட்ட பொறவு என்னதான் செய்வீங்க, சம்மந்தி?" படிப்பேன் என்றேன். "பாவம்லா" என்றார். அன்றைக்கே எங்களுக்குள் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது.

ஊரில் இருக்கும் நீங்கள் வெளிநாட்டு வாழ்க்கை என்றால் தோட்டமும் துரவும் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மெட்ராஸில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து எழுபதுகளின் பிற்பாதியில் ஓய்வு பெற்றேன். மனைவி இல்லை. ஒரே மகள் வசந்தா, மெட்ராஸுக்குப் படிக்க வந்த மலேசியப் பையன் கணேசனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அவன் இப்போது பள்ளி ஆசிரியர். அவனுடைய அம்மா பச்சையம்மா முப்பது வருஷம் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சட்டி பானையோடு புந்தோங்குக்கு வந்தார். வெளியேற்றப்பட்ட அவரும், தானாக வந்து சேர்ந்த நானும் ஒரே கூரைக்கடியில். ஒவ்வொரு முறையும் என் விசிட் பாஸைப் புதுப்பிக்க இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது, எந்த சன்னலில் எந்தத் தாள், எதற்கு எத்தனை நகல் என்று அங்கிருக்கும் குமாஸ்தாவுக்கே நான் சொல்லிக் கொடுத்தேன். இந்த நாட்டில் எனக்குப் புரிந்த ஒரே இடம் அதுதான்.

வசந்தா உண்டானாள். மூன்றாம் மாதம் தண்ணீர்கூடத் தங்கவில்லை. நான் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வந்தேன், வாந்தி அதற்குக் கேட்கவில்லை. ஒருநாள் காலைப் பசியாறல் முடிந்து பார்க்கிறேன், பச்சையம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, கறுப்பாக ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டு மடித்து என் மகள் வாயில் வைக்கிறார்.

"என்ன அது?"

"பொயிலலா. மசக்கைக்கு நல்லது. தோட்டத்துல எல்லாரும் இதான்."

"வசந்தா, துப்பு."

அவள் துப்பவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அத்தை குடுக்கறது கேக்குதுப்பா. ரெண்டு நாளா சோறு தங்குது" என்றாள். மெட்ராஸில் பி.எஸ்ஸி. படித்த பெண். முதல் வகுப்பு.

இங்கே நான் எலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் கர்ப்பிணி வெள்ளெலிகளுக்கு நிக்கோட்டின் கொடுத்துப் பார்க்கும் வேலை சில வருஷங்கள் நடந்தது. ஆணையும் பெண்ணையும் ஒரு கூண்டில் விட்டு, மறுநாள் காலை ஸ்லைடு எடுத்துப் பார்த்துச் சினை பிடித்ததை உறுதி செய்வோம். பிறகு தினமும் தோலுக்கடியில் ஊசி. இன்னொரு கூண்டில் இருப்பவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி, அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல். குட்டி போட்டதும் நிறுப்போம். நிக்கோட்டின் கூண்டில் குட்டிகள் பெரும்பாலும் சிறுத்திருந்தன, சில செத்துப் பிறந்தன. பிழைத்தவை வளர்ந்தபின் மற்றவற்றைவிட ஓயாமல் கூண்டைச் சுற்றின. எலி வேறு, பெண் வேறு என்று எங்கள் பேராசிரியர் எச்சரித்துக்கொண்டே இருப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் மறுக்க முடியாது. எங்கள் எலி எதுவும் பீடி பிடித்ததில்லை. புகையே இல்லாமல்தான் அத்தனையும் நடந்தது.

அதனால் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். நர்ஸை இங்கே மிஸி என்பார்கள்; மலாய் மிஸி எழுதிக்கொண்டே வசந்தாவைக் கேட்டார், "ஹிசாப் ரோக்கோ?" சிகரெட் உண்டா என்று. "தா" என்றாள் என் மகள், இல்லையென்று. பொய்யில்லை. இந்தத் தேசத்துத் தோட்டக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இதே கேள்விக்கு இதே உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து டின்னில் துப்புகிறார்கள். நான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன், இவள் புகையிலை தின்கிறாள், அதையும் எழுதுங்கள் என்று. மிஸி சிரித்தார். "ஓ, மக்கான் சிரே! பாகுஸ்லா, பாக்சிக்." வெற்றிலையா, நல்லதுதானே பெரியவரே என்கிறார். வெற்றிலை இல்லை, உள்ளே இருப்பது என்று நான் விளக்க, அவர் தன் அம்மாவும் போடுவதாகச் சொல்லி, என் கையைத் தட்டிக்கொடுத்து, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். மகள் வெற்றிலை போடுவது பிடிக்காமல் வருத்தப்படும் தகப்பன் என்று நினைத்திருப்பார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, கூண்டு, சிறுத்த குட்டிகள். பச்சையம்மா சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிச்சா? எம் மருமவள எலி கூண்டுல வச்சிட்டீங்களா?"

"அறிவியல் அப்படித்தான்."

"அறிவியலா? கணேசா, இவர வெள்ளனா பஸ் ஏத்தி தஞ்சோங் ரம்புத்தான்ல விட்டுட்டு வாய்யா. அங்கதான் இந்த மாதிரி படிச்சவங்க நெறய இருக்காங்க."

தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது மனநல மருத்துவமனை. கணேசன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனான்.

"நான் பொயில போட்டுத்தான் பெத்தேன். இந்தா நிக்கிறானே, இவன் எலி மாதிரியா இருக்கான்? சொல்லுங்க!"

நான் பார்த்தேன். பார்ப்பதுதான் என் தொழில். "மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து நாலைந்து தடவை எழுந்துவிட்டார். காலை ஆட்டாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை" என்றேன்.

கணேசன் தண்ணீர்ச் செம்போடு நின்றான். ஆடிக்கொண்டிருந்த அவன் கால், பாவம், அப்போதும் நிற்கவில்லை. வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் தகப்பன் என்ற உறவு இல்லை.

"மாமா, போதும்" என்றான் அவன்.

பச்சையம்மா கையைக் கழுவினார். "நாலு மணிக்கு ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நிக்கணும். வயித்துப் புள்ளக்காரினு கங்காணி பேரு கூப்புடாம விடுவானா? பசிக்கும். சோறு கெடயாது. பொயில போட்டா பசி தெரியாது, அதான் போட்டோம். அஞ்சு பெத்தேன். மூணுதான் தங்குச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வயித்துப் பூச்சினு சொன்னான்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த ரெண்டும் எதனால செத்துச்சுனு ஒங்க எலி சொல்லுமா?" என்றார்.

சொல்லாது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஆய்வகத்தில் பக்கத்துக் கூண்டில் உப்புத் தண்ணீர் எலி இருந்தது, அதோடு வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தத் தோட்டத்தில் கன்ட்ரோல் கிடையாது. எல்லாப் பெண்களுக்கும் அதே பசி, அதே கொசு, அதே இருட்டில் அதே பால் மரம், அதே புகையிலை. எது எதைக் கொன்றது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரு கம்பெனி முழு லயத்தையும் ஒரே கூண்டாக வைத்திருந்தது. எங்கள் பேராசிரியர் அப்படியொரு சோதனைக்கு அனுமதி தந்திருக்கமாட்டார். எலிகளுக்குக்கூட.

"தெரியாது" என்றேன். "வசந்தா வயிற்றில் இருப்பதற்கும் என்ன ஆகுமென்று தெரியாது. தெரியாதபோது கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான்."

மறுநாள் பசியாறல் முடிந்து பச்சையம்மா வெற்றிலை மடிக்கவில்லை. உப்பில் ஊறிய அசாம் என்கிற புளிப்புப் பழத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வசந்தா முன்னால் நங்கென்று வைத்தார். "வாந்தி வந்தா இத சப்பு. ஒங்கப்பா எலிக்கு இதயாவது குடுத்தாரான்னு கேளு." அதன்பின் என் மகள் வாயில் புகையிலை போகவில்லை. அதன்பின் அவர் என்னோடு நேராகப் பேசவுமில்லை. உப்பு வேண்டுமா என்பதைக்கூட வசந்தா வழியாகத்தான் கேட்பார். தான் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, கூடுதலாகவே கிள்ளிப் போட்டுக்கொள்வார்.

பெண் குழந்தை. எடை சரியாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புகையிலை மூன்றாம் மாதத்தோடு நின்றதாலா, அல்லது தொடர்ந்திருந்தாலும் இப்படித்தானா? ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. குட்டிக்கு வந்த கோளாறு கருப்பையிலிருந்து வந்ததா, பிறந்தபின் தாயிடமிருந்து வந்ததா? அதற்கு ஒரு முறை உண்டு. பிறந்த குட்டிகளை எடுத்து வேறொரு தாயின் கூண்டில் வளர்க்க விடுவோம். சும்மா விட்டால் கடித்துவிடும். அதனால் அந்தத் தாய் படுத்திருந்த மரத்தூளை அள்ளிக் குட்டியின் உடம்பு முழுக்கத் தேய்த்து விடுவோம். தாய் வந்து முகரும். நாங்கள் மூச்சு விடாமல் நிற்போம்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று நான் இமிகிரேஷனிலிருந்து திரும்பி நேராகத் தொட்டிலுக்குப் போனேன். "தள்ளி நில்லுங்க!" என்றார் பச்சையம்மா. மாதக்கணக்கில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "ஊரெல்லாம் சுத்துன சட்டையோட பச்சப் புள்ளய தொடுவாங்களா? கெடயவே கெடயாது." கணேசனின் பழைய கைலியையும் துண்டையும் என்மேல் எறிந்தார். அவர் அலமாரியில் இருந்தவை. புகையிலையும் கற்பூரமும் கலந்து வீசின. உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். அவர் குழந்தையை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, என் தோளருகே மூக்கை வைத்தார்.

கதவில் என் மெட்ராஸ் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பையில் இன்னும் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திய பாஸ். உடம்பில் இந்த வீட்டுத் துணி. நான் அசையாமல் நின்றேன்.