கோழிக்கார ரெஜிஸின் கன்னம்

முன்னால் ஒரு பெண் தனியாக நடந்துபோனால் ரெஜிஸ் ஃபாயோல் சாலையைக் கடந்து எதிர் நடைபாதைக்குப் போய்விடுவார். போய், சாவிக்கொத்தைக் கிலுக்குவார். இரண்டு தடவை செருமுவார். ஆள் இங்கே இருக்கிறேன், உங்கள் பின்னால் இல்லை என்று பொருள். சில நாள் எதிர்ப்பக்கமும் ஒரு பெண் போய்க்கொண்டிருப்பாள். அப்போது மனிதர் அப்படியே நின்று, கிடைத்த கடையை வேடிக்கை பார்ப்பார். பூட்டிக் கிடந்த காப்பீட்டு அலுவலகத்தின் கண்ணாடியைப் பத்து நிமிடம் அவர் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

தெற்கு பிரான்சில் எங்கள் ஊரான ஒப்னாவின் சனிக்கிழமைச் சந்தையில் அவருடைய கோழி வண்டிக்கும் என் பாலாடைக்கட்டி மேசைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. பதினேழு வருடமாகப் பக்கத்துக் கடை. விடிந்ததும் கோழிகளைக் கம்பிகளில் கோத்துத் தீயின் முன் சுழலவிடுவார். கீழே தட்டில் உருளைக்கிழங்கு. மேலிருந்து சொட்டும் கொழுப்பிலேயே அது வேகும். வெந்த கோழியைப் பெரிய கத்தரிக்கோலால் நான்காக வெட்டும்போது மட்டும் வாங்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். முன்பெல்லாம் எதிரே நின்று பேசிக்கொண்டேதான் வெட்டுவார். எல்லாம் அவர் நடித்த ஒரு படத்துக்கு அப்புறம் வந்த பழக்கம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு இயக்குநர் முகம் தேடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். ரெஜிஸின் மூக்கு ரக்பி ஆட்டத்தில் இரண்டு முறை உடைந்தது. இடது புருவத்தை ஒரு தழும்பு பாதியாக வெட்டியிருக்கும். ஆள் கதவு உயரம். பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார்கள். “நாலு நாள் வேலை, மதோ. லியோன்ல ஓட்டல் ரூம், காலையில வெண்ணெய் ரொட்டி, முட்டை, எல்லாம் கட்டில்கிட்ட வரும்னாங்க. எவன் மாட்டேம்பான், சொல்லு?” என்றார் என்னிடம். கதையை முழுசாக அவரும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை.

படத்தில் அவர் ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண்ணை அடித்தே கொல்கிறார். ஒன்பது நிமிடம். காமிரா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாது. பின்பாதியில் அந்தப் பெண்ணின் அண்ணன் இவரைத் தேடிப் பிடித்து அதே மாதிரி பழிவாங்குகிறான். பாரிஸில் ஒரே ரகளை. தடை செய் என்று ஒரு கூட்டம், தொட்டுப் பார் என்று ஒரு கூட்டம். கலை என்றான் ஒருவன், சாக்கடை என்றான் இன்னொருவன். இங்கே ரகளையெல்லாம் ஒன்றும் இல்லை. இங்கே பெண்கள் அவருக்குக் குலுக்கக் கை நீட்ட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தெரிந்தவர்களைப் பார்த்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து மூன்று முத்தம். தபால்காரிக்கும் மூன்று, சம்பந்திக்கும் மூன்று. கை நீட்டுவது வங்கி மேலாளருக்கு. அவருடைய பதினைந்தாவது வயதிலிருந்து கன்னம் கொடுத்துவந்த ஊர், ஒரு வாரத்தில் அந்த மனிதரைக் கை நீள தூரத்தில் நிறுத்திவிட்டது. ஊர் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. முதலில் கை நீட்டியவள் நான்தான். அந்த ஒன்பது நிமிடத்தில் ஆறாவது நிமிடமே தியேட்டரிலிருந்து எழுந்து ஓடிவந்தேன். சனிக்கிழமை அவர் வழக்கம்போலக் குனிந்தார்; என் கை தானாக நீண்டது. அவர் அதைப் பார்த்தார். தன் கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினார். எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“பாதியில எந்திரிச்சுப் போறாங்க பாரு, அங்கதான் பிரச்சினை” என்று ஒருமுறை சொன்னார். “பின்னாடி என்னையும்தான் கொல்றாங்க! என்ன அடி தெரியுமா? அதைப் பாக்குறதுக்கு ஒருத்தரும் இருக்கிறதில்லை. போனவங்களுக்கெல்லாம் நான் இன்னும் தண்டனை வாங்காத பய.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் படத்துப் பெண்ணுக்குக் கழுத்து வலிக்காமலிருக்க, ஒவ்வொரு தடவை அவள் தரையில் படுக்கும் முன்பும் தன் மப்ளரை மடித்து வைத்தாராம். புத்தாண்டுக்குப் புத்தாண்டு அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. வண்டியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார், வெளியே தெரியாது.

விடலைகள் சிலர் வருவார்கள். “மிஸ்யே, படத்துல வர்ற அந்தப் பார்வை ஒண்ணு பாருங்களேன், போட்டோ எடுத்துக்கிறோம்.” “பார்வைக்குப் பன்னிரண்டு யூரோ. கோழி இலவசம்” என்பார். அவன்கள் அசடு வழிந்துகொண்டு கோழி வாங்கிப்போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நாதேஜ் வந்தாள். பிரெஸ்ட்டிலிருந்து மாற்றலாகி நூலகத்துக்கு வந்தவள். நாற்பத்தைந்து இருக்கும், கணவன் இல்லை, உரத்த சிரிப்பு. படத்தைப் பார்த்ததில்லை. முதல் நாளே வண்டிப் பலகைக்கு மேலாக எட்டிக் கன்னத்தைக் கொடுத்தாள். பிரெஸ்ட்டில் ஒன்றோடு சரியாம். ஒன்று வைத்துவிட்டு விலகிவிட்டாள். ரெஜிஸ் அடுத்த கன்னத்தைக் காற்றில் நீட்டியபடி நின்றார். “இங்க மூணு, மதாம்” என்றார். “ஐயோ, மீதி ரெண்டு பாக்கி இருக்கா?” என்று சிரித்துக்கொண்டே திரும்ப வந்தாள். அன்றிலிருந்து மனிதர் சனிக்கிழமைகளில் மட்டும் ஒட்டச் சவரம் செய்துகொண்டு வருகிறார். லாவெண்டர் வாசனை என் பாலாடைக்கட்டிகள் வரைக்கும் அடிக்கும். வாரத்துக்கு மூன்று நொடி. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை, ஒரு காபிக்குக்கூட அழைத்ததில்லை. ஆனால் பதினொரு மணியானால் கண் மணிக்கூண்டுப் பக்கம் போய்விடும். அவள் அந்த வழியாகத்தான் வருவாள்.

போன மாதம் திரைப்படச் சங்கத்துக்காரர்கள் அந்தப் படத்தை மறுபடி போடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வியாழக்கிழமை, விவாதத்தோடு. நாற்காலி போடுவது நூலகத்து வேலை.

“நீங்க நடிச்சிருக்கீங்களாமே! எங்கிட்ட சொல்லவே இல்லை?” என்றாள் நாதேஜ். “நான் பாக்கலாம்தானே?”

வேண்டாம் என்று சொல்லுங்களேன், அட மனுஷா, என்று மனசுக்குள் கத்தினேன். அவர் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

“பாருங்க மதாம். ஆனா கடைசி வரைக்கும் இருக்கணும். நடுவுல எந்திரிச்சிடாதீங்க.”

“சத்தியமா.”

அவள் போனதும் அவரிடம் பாய்ந்தேன். “பொய் சொல்லித் தொலைக்கக் கூடாதா? படம் ஒரே அறுவை, பாக்காதீங்க, அது இதுன்னு எதையாவது?”

“அவ தெரியாம குடுக்கிறதை எத்தனை நாளைக்கு வாங்கிக்கிறது, மதோ?” என்றார். “தெரிஞ்சு ஒரு தடவை குடுத்தாப் போதும்.”

வியாழன் போயிற்று. சனிக்கிழமை இன்னும் ஒட்டச் சவரம். தாடையில் ஒரு இடத்தில் வெட்டுக்கூட. பத்தரைக்கெல்லாம் கத்தரிக்கோலைக் கழுவி உள்ளே வைத்துவிட்டார். கோழிகளை முழுசாகவே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கையுறையைக் கழற்றிக் கொழுப்புத் தட்டின் ஓரம் போட்டார்.

பதினொன்று பத்துக்கு நாதேஜ் வந்தாள். இரண்டு நாள் தூங்காத முகம். சிரிக்க முயன்றாள்.

“கடைசி வரைக்கும் இருந்தேன்” என்றாள். “சொன்ன மாதிரியே.”

“தெரியும் மதாம்.”

“உங்களை அவன் அடிக்கும்போது அழுதுட்டேன்.”

ரெஜிஸ் தலையாட்டினார். அவள் கூடையைக் கீழே வைத்தாள். வழக்கம்போலப் பலகைமேல் கையூன்றி எக்கினாள். முகம் பாதி தூரம் வந்தது. வந்த முகம் அங்கேயே நின்றது. கண் மட்டும் கீழே, பலகைமேல் இருந்த அவர் கைகளுக்குப் போயிற்று. அவளுக்கு வரவேண்டும் என்றுதான் இருந்தது, உடம்பு கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் அந்த இடத்தில் நின்றவள்தானே. அவளுடைய வலது கை மெல்ல மேலே எழ ஆரம்பித்தது.

அந்தக் கை நீளும் முன்பே, ரெஜிஸ் கொழுப்பு சொட்டும் கையுறையைத் தட்டிலிருந்து எடுத்தார். “நில்லுங்க, நில்லுங்க மதாம். இன்னிக்கு மூஞ்சியெல்லாம் ஒரே எண்ணெய்” என்று சொல்லிக்கொண்டே, பளபளவென்று சவரம் செய்திருந்த தன் கன்னங்களில் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.