ஏரிக்கு வாங்கன கடல் படகு

புது பெயிண்ட் வாசனையும் அதுக்கு அடியில பழைய மீன் நாத்தமும் சேந்து அடிச்சா எனக்கு இப்பவும் மூக்கு விரியும், ஏன்னா திருவண்ணாமலை ஜில்லாவுலயே மொத மொதல்ல படகு ஓட்டுனவன் நான்தான். பொய். ஓட்டல. அதுல ஒக்காந்திருந்தேன், அவ்ளோதான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க ஊரு. மல்லாட்டைய, அதாங்க வேர்க்கடலைய தவிர ஒரு மண்ணும் தெரியாத ஜனங்க. அந்த வருஷம் ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போச்சி. "மீனுக்கு தல எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியுமாய்யா?"னு பக்கத்து தெருக்காரன் ஒருத்தன் கேட்டானாம், அந்த வீம்புக்கு எங்க நைனா மீன் ஏலத்த எடுத்துட்டு வந்து நிக்கறாரு. படகு வேணும், ஓட்ட ஆளு வேணும். மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு கும்புடு போட்ட முந்திரிக்கொட்டை நான், "எனக்குத் தெரியும் நைனா"ன்னேன். காணும் பொங்கலுக்கு மெட்ராஸ் போயி ஒருதரம் கடல தூரத்துலருந்து பாத்ததுதான் என் படிப்பு. நீச்சல் அதவிட கேவலம். நண்டு சிண்டெல்லாம் கெணத்துல குதிக்கும், நான் படிக்கட்டுல ஒக்காந்து அதுங்க துணிக்கு காவல் காப்பேன். போறப்ப தலைய மட்டும் நனச்சிகினு வூட்டுக்குப் போவேன். புள்ள நீச்சல்ல புலின்னு நைனாவும் நம்பிகினு இருந்தாரு.

டேம் பக்கம் ஒருத்தர்கிட்ட ரெண்டு இருந்திச்சி. ஒன்னு பரிசல். இன்னொன்னு நீலக் கலர்ல நீட்டமா, மூக்குல கண்ணு வரைஞ்ச கடல் படகு. நைனாவுக்குத் தெரிஞ்சது மாடு ஒன்னுதான். அதனால படக சுத்தி சுத்தி வந்தாரு, வெலாவுல தட்டுனாரு, குனிஞ்சி அடிவயித்துல சுழி இருக்குதான்னு பாத்தாரு. பல்லப் புடிச்சி பாக்காததுதான் பாக்கி.

"ஏரியில கருவேலங்கட்ட ஜாஸ்தி இருக்குமேங்க. பரிசல் எடுத்துக்குங்க, அதுதான் மாட்டாது"ன்னாரு விக்கறவரு.

"கூடையில போயி ஒக்கார நாங்க என்ன கோழிக்குஞ்சா?"ன்னேன் நானு.

நைனா பெருமையா சிரிச்சாரு. "பையன் சொன்னா சரியா இருக்கும்ங்க."

டிராக்டர்ல ஏத்தி, ஊர் எல்லையில எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆரத்தி எடுத்து, ஊரே ஏரிக்கரையில கூடிச்சி. வேல வெட்டி இல்லாத கூட்டம், பல்லக் காட்ட எடம் கெடச்சா போதும். நானும் நைனாவும் ஏறுனோம். மூங்கில வச்சி தள்ளித் தள்ளி நடு ஏரி வரைக்கும் வந்தோம். "டொக்"குனு ஒரு சத்தம். கருவேலங்கட்டையில ஏறி ஒக்காந்துகிச்சி படகு. மூங்கிலும் சேத்துல மாட்டி கைய விட்டுப் போச்சி.

"குதிச்சி தள்ளுடா"ன்னாரு நைனா.

"தண்ணி ஜில்லுனு இருக்கும் நைனா."

அவரு என் மூஞ்சியப் பாக்கல. படகு ஓரத்த கவ்விகினு இருந்த என் ரெண்டு கையப் பாத்தாரு. வேட்டிய மடிச்சிக் கட்டுனாரு. அவருக்கும் நீச்சல் தெரியாது, அது ஊருக்கே தெரியும். குதிச்சிட்டாரு. தண்ணி கழுத்தோட நின்னுச்சி. மூக்குல தண்ணி ஏறி இருமிகினே, மாப்ள ஊர்வலம் மாதிரி என்ன கரைக்குத் தள்ளிகினு வந்தாரு.

"ஏன்யா, நீச்சல் தெரிஞ்ச புள்ள மேல குந்திகினு இருக்குது, நீ எறங்கற?"னு கரையில ஒருத்தன் கத்துனான்.

"ஓட்டறவன் எறங்கக் கூடாதுய்யா. அது கூட தெரியாதா உனக்கு?"ன்னாரு நைனா.

இப்ப அந்த ஏரியில பாதி ப்ளாட்டு, கல்லு நட்டு கலர் அடிச்சி வச்சிருக்கானுங்க. படகு செங்கம் ரோட்டுல ஒரு காபி கடை வாசல்ல பூச்செடி சொமக்குது, வெள்ளக்காரங்க சாஞ்சி நின்னு போட்டோ புடிக்கறாங்க. அதுக்கு எதிர்லதான் என் ஆட்டோ ஸ்டாண்டு. நைனாவும் போயி சேந்துட்டாரு. ஆனா அன்னிக்கு கரையேறி வேட்டிய புழிஞ்சிகினு நின்னவருகிட்ட நான் நேரா போனேங்க, போயி, "நைனா, எனக்கு..."

"ண்ணா, பெரிய கோயிலுக்கு வருமா?"

தோ வரேம்மா, ஏறி ஒக்காருங்க.