பன்னிரண்டாவது மஞ்சள் பை

நெட்டுக்குப்பத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சிறு மருத்துவமனை நடத்திவரும் டாக்டர் ஜெமிமாவுக்கு, நோயாளிகளைவிடக் காகிதங்களே அதிகத் தொல்லை தந்தன. தீத்தடுப்புச் சான்றுக்கும் கழிவு அகற்றும் ஒப்பந்தத்துக்கும் நடந்த நடையில் இரண்டு சோடிச் செருப்புகள் தேய்ந்துவிட்டன. மருத்துவமனையின் பதிவு வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சுகாதாரத் துறை ஆய்வாளர் புதுப்பிக்கப் பரிந்துரைக்காவிட்டால் சனிக்கிழமை கதவைத் திறக்க இயலாது.

ஆய்வாளர் சௌக்கத் அலி செவ்வாய்க்கிழமை வந்தார். மடித்து வைத்திருந்த மஞ்சள் பை ஒன்றை மேசைமேல் விரித்தார். மருத்துவக் கழிவு போடுவதற்கான பை அது. மேலே எச்சரிக்கைக் குறி. கீழே ஜெமிமாவின் மருத்துவமனைப் பெயரும் பையின் வரிசை எண்ணும். உள்ளே மீன் செதில்கள்.

"நேத்து சங்கரா மீன் வாங்கினேன், டாக்டரம்மா. இதுல போட்டுத்தான் குடுத்தாங்க. எங்க வூட்ல பையைப் பார்த்துட்டு மீனையே வெளியே கொட்டிட்டாங்க."

துப்புரவுப் பணியாளர் பச்சையம்மாவை ஜெமிமா அழைத்தார்.

"புதுப் பைதானே, டாக்டரம்மா? ஒரு பஞ்சுகூடப் போடல. கெட்டியா கீது, ஐஸ் தண்ணி ஒழுவல. மீன் விக்கிறவங்க கேட்டாங்க, பன்னெண்டு குட்த்தேன். நம்ம ஜனங்க தானே?"

"மிச்சம் பதினொண்ணும் வெள்ளிக்கிழமைக்குள்ள என் கையில இருக்கணும். இல்லன்னா பரிந்துரை கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் எழுந்தார்.

பச்சையம்மா குப்பம் முழுவதும் அலைந்து பத்துப் பைகளை மீட்டுக் கழுவிக் காயவைத்தாள். பதினொன்றாவது கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அது தானாகவே வந்தது. கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிய மீனவன் கருணாகரன், கையை அந்தப் பைக்குள் விட்டு, ஐஸ் நிரப்பிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"சீக்கிரம் புடுங்கும்மா, உயிரு போவுது."

"பேஜாரு புடிச்சவனே, மூணு நாளா இந்தப் பையைத்தான்டா தேடிக்கினுகீறேன்" என்றாள் பச்சையம்மா.

முள்ளை எடுத்துக் கட்டுப்போட்ட பிறகு ஜெமிமா பையைப் பார்த்தார். முழுவதும் இரத்தம். விதிப்படி அதை உடனே கழிவுத் தொட்டியில் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆய்வாளரின் கையில் கொடுத்தால் அதுவே குற்றம். கொடுக்காவிட்டால் கதவு மூடப்படும். பையைத் தொட்டியில் போட்டார், எண்ணை எழுதினார், ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார்.

மறுமுனையில் காகிதம் புரட்டும் ஓசை கேட்டது.

"அப்ப பன்னெண்டுல ஒண்ணாச்சும் சரியான இடத்துக்குப் போயிருக்கு" என்றார் சௌக்கத் அலி. "மத்ததுக்கெல்லாம் எழுத்துல விளக்கம் வேணும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியா, மூணு பிரதி. நாலு மணிக்கு வந்து பரிந்துரையில கையெழுத்துப் போடறேன்."

வெளியே பதினாறு பேர் காத்திருந்தனர். ஜெமிமா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.