மூன்றாம் ஓலை

புளோறன்ஸின் குரலைப் பாராளுமன்றம் பல வருடங்களாகக் கேட்டது. கேட்டது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டி, தமிழ்ப் பக்கத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதிலும் பாதிப்பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள்.

நானும் அவரும் தமிழ் உரைபெயர்ப்பாளர்கள். சபைக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இரண்டு நாற்காலி. கீழே யாராவது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால், அவர் வாயை மூடுமுன் நாங்கள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். கொஞ்ச நேரம் அவர், கொஞ்ச நேரம் நான். ஒருவர் பேசும்போது மற்றவர் இருமவும் கூடாது, மைக்கில் விழுந்துவிடும். அதனால் அத்தனை வருடம் தோளுக்குத் தோள் இருந்தும் நாங்கள் இருவரும் கதைத்தது கொஞ்சந்தான். வெளியில் உள்ளவர்கள் எங்களுக்குக் கதைக்கிற உத்தியோகம் என்று நினைப்பார்கள். வாயில் நாள் முழுக்க மற்றவனுடைய கதையை வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு வீட்டுக்குப் போகும்போது சொந்தக் கதை ஒன்றும் மிஞ்சாது. எனக்காவது வெள்ளவத்தை வீட்டில் மனைவி ஷபீகா இருந்தாள், நான் வாயைத் திறக்காவிட்டாலும் அவள் திறப்பாள். புளோறன்ஸ் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருந்தார். தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ‘அமைச்சர் இப்படிச் சொல்கிறார்’ என்று நாங்கள் சொல்வதில்லை. அமைச்சர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்போம். எதிர்க்கட்சிக்காரர் எழும்பி ‘நான் இதை வன்மையாக எதிர்க்கிறேன்’ என்றால், அதே வாயால் அதையும் சொல்வோம். வெட்கம் மானம் பார்த்தால் இந்தத் தொழில் செய்யமுடியாது.

சட்டமூலங்கள் பல மாதிரி வரும். மீன்பிடிச் சட்டமூலம் வரும், முத்திரைத் தீர்வை வரும், எங்கோ ஒரு ஊர் நலன்புரிச் சங்கத்தைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் வரும். முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழு, மூன்றாம் வாசிப்பு என்று ஆடி அசைந்துதான் வரும். சிலது வருடக்கணக்காக ஒழுங்குப் பத்திரத்தில், அதுதான் சபையின் அலுவல் பட்டியலில், படுத்துக் கிடக்கும். சபையைக் கலைத்தால் அதோடு செத்துப்போகும். வேண்டுமானால் புதுச் சபையில் திரும்ப முதலாம் வாசிப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

அவசரகால நிலைமைக்கு அந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. அதை இன்னும் ஒரு மாதத்துக்கு நீடிக்கும் பிரேரணை மாதாமாதம் சம்பளம் வருகிற மாதிரி வரும். அரசாங்கம் மாறினாலும் வரும். விவாதம், உறுப்பினர்களைக் கூப்பிடும் மணி, வாக்கெடுப்பு, அவ்வளவுதான். அந்த வாக்கெடுப்பு நேரம் என்னுடைய முறையாக இருந்தாலும் புளோறன்ஸ் மேசையில் விரலால் மெல்லத் தட்டுவார். நான் மைக்கை விட்டுக்கொடுப்பேன். மனுசிக்கு வேலைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள். விவாதம் முடிந்து, சபாநாயகர் பிரேரணையைச் சபையின் முடிவுக்கு விட்டார். பக்கத்தில் புளோறன்ஸ், துளியும் தடுமாறாமல், தெளிவாகச் சொன்னார்:

“இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

எனக்கு உயிர் போய்விட்டது. அவருடைய மைக்கை மூடி என்னுடையதைத் திறந்து, சொல்லவேண்டியதைச் சொன்னேன். கீழே மலையகத்து முதிய உறுப்பினர் ஒருவர் கண் விழித்தார். ஹெட்போனைக் கழற்றி, ஏதோ பழுதாகிவிட்டது போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி எங்கள் கண்ணாடியைப் பார்த்தார். நல்ல மனுசன், யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதமும் பிரேரணை வழக்கம்போல் நிறைவேறியது.

அன்றைக்குக் கன்ரீனில் நான் இரண்டு பிளேன்ரீ எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் இருந்தேன்.

“அது என்ன, புளோறன்ஸ்? யாரு அந்தப் பங்குத்தந்தை?”

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கதையைச் சொன்னார்.

அவர்களுடைய கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசையில் எல்லோருக்கும் கேட்க அறிவிப்பார்கள். புளோறன்ஸுக்கும் றேமண்டுக்கும் தொண்ணூற்றாறாம் ஆண்டு, தவக்காலம் தொடங்குமுன் கலியாணம் என்று பேச்சு. றேமண்ட் ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கிவைக்கும் முற்றத்தில் கிளார்க். மூன்று வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பொலிஸார் அட்டையைப் பார்த்து, வடக்கு ஆள் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடுப்பு.

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, புவாத். மூண்டாவது வாசிக்க முதல் ஆளைக் கொண்டு போயிட்டாங்கள்.”

“எங்கட ஆக்களுக்கு ஒரே இருப்பில நிக்காஹ் முடிஞ்சிரும்” என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னதுதான்.

“உங்கட ஆக்கள் கெட்டிக்காரர்” என்றார். “எங்களுக்கு ஆறு மாசத்துக்குள்ள கலியாணம் நடக்கேல்லயெண்டா வாசிச்ச ஓலையும் செல்லாது. திரும்ப முதல்ல இருந்து வாசிக்கோணும்.”

“சபை கலைஞ்சா செத்துப்போற பில் மாதிரி.”

“ஓம், பில் மாதிரித்தான்.”

சிறையில் பார்ப்பதற்குத் தாய், தகப்பன், மனைவி, பிள்ளை, சகோதரம்தான் போகலாம். புளோறன்ஸ் இதில் எதுவும் இல்லை. றேமண்டின் தாய் யோசெப்பின் ஞாயிறு தோறும் போவார். புளோறன்ஸ் விடிய எழும்பிச் சமைத்து, சாப்பாட்டை ரிபன் கரியரில் அடுக்கித் தூக்கிக்கொண்டு கூடவே போவார். வாசல்வரைக்குந்தான். யோசெப்பின் உள்ளே போக, இவர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தையல்கடைக்கு முன்னால் நிற்பார். திரும்பி வரும் கரியர் காலியாக இருந்தால் ஆள் சாப்பிடுகிறார் என்று அறிந்துகொள்வார். நாலு வருடமாக அவருக்கு றேமண்டைப் பற்றிக் கிடைத்த செய்தி பெரும்பாலும் அந்த வெறும் கரியர்தான். யோசெப்பினும் பெரிதாக முகம் கொடுக்க மாட்டாராம். ஓலை வாசித்த நேரம் சரியில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை.

“அப்ப மாசாமாசம் அந்த வோட்டை ஏன் நீங்களே எடுக்கிற?” என்று கேட்டேன். “நெஞ்சில கல்லை வைச்சுக்கொண்டா சொல்லுற?”

“ஒரு மாசத்துக்காவது தோக்காதா, புவாத்? தோத்தா ஆளை வைச்சிருக்கச் சட்டம் இல்ல. அண்டைக்கு அதைத் தமிழில சொல்லுறது நானா இருக்கோணும்.”

அதற்குப் பிறகு நான் அவர் மேசையில் தட்டும்வரை காத்திருக்கவில்லை. நானே மைக்கைத் தள்ளிக் கொடுத்தேன். ‘நான் இப்பிரேரணையைச் சமர்ப்பிக்கிறேன்’ என்று அமைச்சருக்காக அவர் சொல்லும்போது எனக்குத்தான் கோபம் வரும். அவருக்குக் குரல்கூட மாறாது. கீழே பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்போது மட்டும் மைக்கை மூடிவிட்டு, கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, அது அவருடைய சொந்த நேரம்.

இரண்டாயிரத்தொன்றில் அரசாங்கத்தின் பெரும்பான்மை ஆட்டம் கண்டது. ஆட்கள் கட்சி மாறினார்கள். யூலை மாதம் பிறந்தது. ஒழுங்குப் பத்திரத்தில் அவசரகாலப் பிரேரணை இல்லை. தோற்றுவிடும் என்று தெரிந்து, கொண்டுவராமலே விட்டுவிட்டார்கள். அவசரகாலம் கேட்பாரில்லாமல் முடிந்துபோனது.

புளோறன்ஸ் பெட்டிக்குள் வந்து, இரண்டு மைக்கும் மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

“புவாத், இல்ல” என்றார். “இந்த மாசம் இல்ல.” ஒழுங்குப் பத்திரத்தை என் முன்னால் விரித்துப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைப்பதில் என்ன இருக்கிறது.

அன்று பின்னேரமே பங்குத்தந்தையிடம் போயிருக்கிறார்.

“பாதர், ஓலையைத் திரும்ப வாசிக்கோணும்.”

“மகள், ஆள் வெளிய வரட்டும். பிறகு வாசிப்பம்.”

“வருவார், பாதர். ஆளை வைச்சிருந்த சட்டம் இப்ப இல்ல. நான் அங்கதானே வேலை செய்யுறன், எனக்குத் தெரியாதா?”

பாதர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. அந்த ஞாயிறே முதலாம் ஓலை வாசிக்கப்பட்டது. அன்று சிறையில் யாரையும் பார்க்க விடவில்லை, வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடுதலை செய்யும் அலுவல் நடக்கிறது போல என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று நான் கண்டது அன்றைக்குத்தான்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு பார்க்க விட்டார்கள். யோசெப்பின் உள்ளே போன கெதியிலேயே வெளியில் வந்தாராம். கரியர் பாரமாக இருந்ததாம்.

“மகள், அவனை மற்றச் சட்டத்துக்கு மாத்திப்போட்டாங்கள்.”

மற்றச் சட்டம் என்றால் பயங்கரவாதத் தடைச் சட்டம். அது எப்போதோ நிறைவேறி, நிரந்தரமாக இருக்கிறது. அதற்கு மாதாமாதம் சபைக்கு வரத் தேவையில்லை, விவாதம் தேவையில்லை, மணியும் தேவையில்லை. எனக்கும் அவருக்கும் இது தெரியாத விஷயமா? தெரியும். ஆசையில் இருவரும் அதை நினைக்காமல் விட்டுவிட்டோம்.

அந்தக் கிழமை பாராளுமன்றத்தையும் ஒத்திவைத்திருந்தார்கள். கீழே சபை வெறிச்சென்று கிடந்தது. நான் பெட்டிக்குள் போனபோது புளோறன்ஸ் தன் நாற்காலியில் இருந்தார். கண் வீங்கியிருந்தது.

“முந்தி மாசத்துக்கு ஒருக்காவாவது கேட்டவங்கள், புவாத். வைச்சிருக்கவா, விடவா எண்டு. எல்லாரும் வைச்சிருக்கச் சொன்னாலும், கேட்டவங்கள். இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்.” மேசையில் முகத்தை வைத்து அழுதார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், “பாதரிட்டச் சொல்லி மூணாவதை நிப்பாட்டலாம்தானே?” என்றேன்.

“மாட்டன்.” முகத்தைத் துடைத்தார். “நிப்பாட்டினா நானும் எதிரா வோட் போட்ட மாதிரி.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: “நீங்க ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா? என்ர பக்கத்தில ஒருத்தரும் இல்ல.”

ஷபீகாவிடம் சொன்னேன். கோயிலுக்குப் போவதா என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் என் வெள்ளைச் சேட்டை எடுத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கத் தொடங்கிவிட்டாள்.

“போய்ட்டு வாங்க. அந்தப் புள்ளைக்கு ஆரு இருக்கிற?”

ஞாயிறு, கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் வாசலோடு இருந்தேன். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். புளோறன்ஸ் முன்வரிசையில் நீலச் சேலையில் இருந்தார். அவருக்கு இருபுறமும் வாங்கு காலியாகத்தான் இருந்தது. யோசெப்பின் மறுபக்கத்தில் செபமாலையோடு இருந்தார்.

பிரசங்கம் முடிந்து பாதர் வாசித்தார். றேமண்டின் பெயர், தாய் தகப்பன் பெயர், புளோறன்ஸின் பெயர். இது மூன்றாம் ஓலை என்றார். “இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள்” என்று தொடங்கும்போது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, கடதாசியை மடிக்காமல் நின்றார்.

தடை என்னவென்று அந்தக் கோயிலில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பாதருக்குத் தெரியும். யோசெப்பினுக்குத் தெரியும். கோயில் ஒழுங்கையில் விளையாடும் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

பூசை முடிந்து வெளியில் வந்ததும் புளோறன்ஸ் நேரே என்னிடம் வந்தார்.

“பாத்தீங்களா, புவாத்? எதிர்ப்பு ஒண்டுமில்ல. ஏகமனதா நிறைவேறிட்டுது.”

“ஓம்” என்றேன்.

சபையில் ஒரு சட்டமூலம் மூன்றாம் வாசிப்பையும் தாண்டினாலும், சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையெழுத்து வைக்கும்வரைக்கும் அது சட்டம் இல்லை. எங்களுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

“இனிச் சான்றுரை ஒண்டுதான் மிச்சம்” என்றார் புளோறன்ஸ்.

யோசெப்பின் மெல்ல மெல்லப் படியிறங்கி வந்தார். புளோறன்ஸ் வாசல் மூலையில் வைத்திருந்த ரிபன் கரியரை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று அமத்திப் பார்த்தார். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். யோசெப்பின் உள்ளே போவார். புளோறன்ஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்.