வெட்டிப் பார்க்காத மீன்கள்

மீன்துறை ஆய்வாளர் தங்கராசு சார் இறந்துவிட்டதாக எங்கள் வக்கீலம்மா போனில் சொன்னபோது குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாளாகிறது. அவரோடு வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றி அஞ்சலி எழுதிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்ட ஆளின் மனைவி எழுதலாமா என்ற தயக்கத்தில் நான் தாமதித்தேன்.

மூன்று வருடம் முன்பு, ஒரு விடியற்காலையில் எங்கள் ஊர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. கரையில் சாக்கு நிறைய மீனோடு பிடிபட்டவர் என் கணவர். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைப்பவர்களுக்கு உதவியாள். "வெடித் தோட்டா இவன் கைக்குத்தான எட்டுது, வேற யாரு ஏரில போடுவா?" என்றார் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர். மிதந்ததை அள்ளினேன், அவ்வளவுதான் என்று இவர் சொன்னது எடுபடவில்லை. அப்படியானால் நீயே நிரூபி என்றார்கள்.

கைப்பற்றிய மீனை நாறுவதற்குள் கரையிலேயே ஏலம் விடுவது மீன்துறையில் வழக்கம். சாரும் அப்படியே செய்தார். மதியத்துக்குள் அத்தனையும் ஊருக்குள் குழம்பாகிவிட்டது. எங்கள் தெருவிலும் அந்த வாசனை.

வழக்கு அரியலூர் கோர்ட்டுக்கு வந்தது. தண்டனை என்றால் சிறை, வேலையும் போகும். கைக்குழந்தையோடு நான் எங்கே போவேன்? விடியும்வரை இவர் வீட்டில்தான் இருந்தார் என்று ஒரு பொய்யை மனப்பாடம் செய்தேன். உண்மையில் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். இவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. வக்கீலம்மாவிடம் சொன்னதும் அதட்டினார். "நீ கூண்டுல ஏறவே வேணாம். நிரூபிக்க வேண்டியது அவங்க. மொதல்ல அந்த ஆய்வாளரு என்ன சொல்றாருன்னு பாப்போம்."

சார் கூண்டில் ஏறினார். வெடியில் செத்த மீனுக்கு உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கும், முள் முறிந்திருக்கும், பார்த்தீர்களா என்று கேட்டார் வக்கீலம்மா. பார்த்தேன் என்ற ஒரு சொல் போதும். மீன்தான் இல்லையே, யார் மறுக்க முடியும்? குத்தகைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஒரு மீனக்கூட வெட்டிப் பாக்கலைங்க. ஏலம் விட்டுட்டேன். என் தப்புங்க."

வெடி என்று எதை வைத்து எழுதினீர்கள் என்றார் நீதிபதி.

"அவரு குவாரில வேலை பாக்குறத வச்சுங்க ஐயா."

விடுதலையான அன்று வராந்தாவில் அவரைக் கும்பிட்டேன். "கும்புடாதம்மா. உங்க வூட்டுக்காரரு பண்ணலன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நல்லது நடந்த நாளில் இப்படியா பேசுவார் என்று வழியெல்லாம் பொருமினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அரும்பாவூரில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். அந்தச் சாட்சியத்துக்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. திரும்பும்போது பைக்கை ஓட்டியபடியே இவர் கேட்டார். "நான் போடலன்னு உனக்குத் தெரியும்ல?"

நம்புகிறேன் என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இதை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது சுலபமாக இல்லை.