மாடசாமி அண்ணாச்சி செய்த இரண்டு கைத் தூண்டில்

எவ்வளவு வெயிலடித்தாலும் மாடசாமி அண்ணாச்சி முழுக்கைச் சட்டைதான் போடுவார். கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பித்தான் போட்டு, அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டிக்கொள்வார். புனேயின் மே மாத வெயிலில் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கண்ணாடி இழை தோலில் ஏறினால் என்ன பாடு என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? கண்ணுக்குத் தெரியாத முள் உடம்பு பூராவும் குத்திக்கொண்டே இருக்கும். குளித்தாலும் போகாது, சொறிந்தால் இன்னும் உள்ளே இறங்கும். அந்த அரிப்போடுதான் அவர் இருபத்திரண்டு வருஷம் போபோடி வீட்டிலிருந்து ஹடப்சருக்கு வந்து போனார். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

எங்கள் கம்பெனி ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. ஃபைபர் கோல்கள் செய்தோம். மின்வாரியத்து ஆட்கள் கீழே நின்றுகொண்டு கம்பத்து சுவிட்சை இழுத்துவிடும் நீளக் கோல்தான் முக்கியமான சரக்கு. கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து இரும்புத் தண்டின்மேல் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, தண்டை உருவிவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோல் தயார். சுற்றும் மேஜையும் தேய்க்கும் மேஜையும் அண்ணாச்சியுடையவை. நான் அடுத்த அறையில் பரிசோதனை. அவர் அம்பாசமுத்திரம் பக்கம், நான் கோவில்பட்டி. என் பெயர் ரவிசந்திரன், ஆனால் அவருக்கு நான் தம்பிதான்.

பரிசோதனை அறையில் தூசி கிடையாது. கண்ணாடிக் கதவு, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலிகள். ஒன்று என்னுடையது. மற்றதில் இருந்தவர் 1999 தீபாவளிக்கு ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலிக்கு அண்ணாச்சி ஆசைப்பட்டார். வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு இருமல் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தூசியை விட்டு வெளியே வா, இல்லையென்றால் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருந்தார். மகள் அகல்யாவுக்கு அந்த ஜூனில் ஐந்தாம் மாதம். பேரப்பிள்ளை வருவதற்குள் மேஜையை விட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

"தூசி உடம்போட பிள்ளையத் தூக்கக் கூடாதுல்லா தம்பி. பச்ச உடம்பு. நமக்கே இந்தப் பாடு" என்பார்.

அவர் மனைவி பட்டு அக்கா அவர் துணிகளுக்கென்று தனி வாளி வைத்திருந்தாள். தவறிப்போய் ஒரு தடவை எல்லாத் துணியையும் சேர்த்து ஊறவைத்து, ஒரு வாரம் வீடே சொறிந்துகொண்டு கிடந்ததாம். அதிலிருந்து அவர் படுக்கையும் தனி.

ஜூன் மாதம் கர்னல் பத்ரிநாத் எங்கள் கொட்டகைக்கு வந்தார். விமான் நகரில் இருந்தார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்க்காரர்தான், ஆனால் முப்பது வருஷம் வடக்கே சுற்றியதில் தமிழ் கொஞ்சம் தடுமாறியது. எல்லையில் ஜீப் உருண்டு வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மலை ஆறுகளில் மீன் பிடிப்பது. அதுவும் புழு மாட்டிப் பிடிப்பதில்லை. இறகும் நூலும் கட்டிய பொய் ஈயை வீசிப் பிடிப்பது. அந்த ஈக்கு எடையே இல்லை. கனமான நூலைத்தான் சாட்டை மாதிரி பின்னால் வீசி முன்னால் விட வேண்டும். ஒற்றைக் கையால் அதைச் செய்ய இனி அவருக்குத் தோள் இல்லை. அதனால் இரண்டு கையாலும் பிடித்து வீசும் பதின்மூன்றடி தூண்டில் ராடு ஒன்று வேண்டும் என்றார். கடையில் விற்கும் கார்பன் ராடு விறைப்பாக இருக்கிறது, வேகமாக வீசச் சொல்கிறது, தோள் தாங்கவில்லை. ஃபைபரில் என் கைக்கு அளவாகச் செய்து கொடுங்கள் என்று கேட்டார்.

எங்கள் முதலாளி பராஞ்சபேக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "ஹே காம் கர், குர்ச்சி துஜி" என்றார். இந்த வேலையை முடி, நாற்காலி உனக்கு. நானும் அங்கேதான் நின்றேன். என் காதாலேயே கேட்டேன்.

அண்ணாச்சி அந்த ராடை மூன்று துண்டாகச் செய்தார். ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளலாம். மூன்று வாரம் ஆனது. கைப்பிடிக்குக் கார்க் வைத்தார், மேல் கைக்கு ஒன்று, கீழ் கைக்கு ஒன்று. நூல் ஓடும் வளையங்களைப் பச்சைப் பட்டு நூலால் சுற்றிக் கட்டி வார்னிஷ் பூசினார். மழைக்காலத்தில் வார்னிஷ் எங்கே காய்கிறது? ஒரு பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தார். துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தார்.

என் அறைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. கோலின் ஒரு முனையை இறுக்கி, மறு முனையில் எடை தொங்கவிடுவோம். முனை கோட்டுக்குக் கீழே தாழ்ந்தால் கோல் தள்ளுபடி. வளைகிற கோல் லைன்மேனின் உயிரை வாங்கும் என்று சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ராடின் துண்டுகளையும் எடையைக் குறைத்து அப்படியே தொங்கவிட்டேன். கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றன.

"இணைப்புக்கு இணைப்பு அர சுத்து துணி கூட வச்சிருக்கேன். யாரும் கேக்கல. நமக்கு மனசு கேக்கணும்லா" என்றார் அண்ணாச்சி.

நான் காகிதத்தில் மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் வாசலில் நின்று வடா பாவ் தின்று டீ குடித்தோம். இரண்டு முட்டாள்களும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கர்னல் வந்து கொட்டகைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வீசிப் பார்த்தார். நூல் அவர் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. மறுபடி வீசினார், மறுபடி விழுந்தது. நாலாவது தடவை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"மாடசாமி, இது கொடிக்கம்பம்" என்றார். "கொஞ்சம் இங்க வாங்க. பிடிங்க."

அண்ணாச்சியின் வலது கையை மேல் பிடியிலும் இடது கையைக் கீழ்ப் பிடியிலும் வைத்து, தன் கைகளை அவற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"மேல் கை தள்ளணும். கீழ் கை இழுக்கணும். அப்போ ராடு நுனியில மட்டும் இல்லாம, இதோ இங்க, உங்க உள்ளங்கை வரைக்கும் வளையணும். வளைஞ்சது நிமிர்றப்போ அதுவே நூலைக் கொண்டு போகும். எனக்கு பலம் இல்லை. பலம் அதுல இருக்கணும். அதுக்காகத்தான் வந்தேன்."

அண்ணாச்சி ஒரு தடவை தள்ளி இழுத்துப் பார்த்தார். பிறகு, "அப்போ உங்க தோளு பாக்குத வேலய இது பாக்கணும். அவ்வளவுதான சார்?" என்றார்.

அவ்வளவுதான் என்றார் கர்னல்.

ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை விடுவது லேசில்லை. துணியைக் குறைத்து வெட்ட அவர் கை கூசியது. கத்தரியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வருவார். குறைத்துச் சுற்றிய முதல் கோல் வளைத்ததும் குழாய் நசுங்குவதுபோல நசுங்கியது. அடுத்தது இணைப்பில் விரிந்தது. மூன்றாவது தாங்கியது, ஆனால் நடுவில் இன்னும் விறைப்பு. அதைத் தேய்த்தே இறக்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்று விரலுக்குத் தெரியாதாம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உலர்வாகவே தேய்த்தார். இரண்டு தேய்ப்பு, ஒரு வளைப்பு, ஒரு இருமல். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூசியிலிருந்து தப்பிக்க அந்த மனிதர் ஒரு வருஷத்துத் தூசியை இரண்டு மாதத்தில் தின்றார்.

"வேற யாருகிட்டயாவது தேய்க்கக் குடுங்களேன் அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னேன்.

"எவன்கிட்ட குடுக்க? எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியணும்லா. இதோட முடிஞ்சுதுன்னா பெறவு நானும் உன்ன மாதிரி ஃபேனுக்கடியில உக்காந்து நொட்ட சொல்லுவேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இந்தத் தடவை என் சிவப்புக் கோட்டுக்கு வேலையில்லை. முனை தரையைத் தொட்டது. தள்ளுபடி என்று எழுத வேண்டிய கையால் சரி என்று எழுதினேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்னல் எங்கள் இருவரையும் தன் காரில் கடக்வாஸ்லா அணைக்குக் கூட்டிப்போனார். மழை விட்டு, நீர் கரை வரை ததும்பி நின்றது. கர்னல் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி வீசினார். அவர் கை நெஞ்சுக்கு மேலே போகவே இல்லை. ராடு மெல்லப் பின்னால் சாய்ந்தது, கைப்பிடி வரை வளைந்தது, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. நூல் போய்க்கொண்டே இருந்தது. அது தண்ணீரைத் தொட்ட சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பி எங்களைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. மீன் கீன் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

பிறகு அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சி பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். சட்டைக் கையை மட்டும் சுருட்டவில்லை. இரண்டு தடவை சொதப்பினார். மூன்றாவது தடவை நூல் நேராகப் போயிற்று.

"கை வலிக்கவே இல்ல தம்பி" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த பொருள்களில் அவரே ஆசையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் பராஞ்சபே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கர்னலின் ராணுவ நண்பர்கள் எட்டுப் பேர் அதே மாதிரி ராடு கேட்கிறார்களாம். மேஜையில் கர்னலின் கடிதம் இருந்தது. இரண்டு பக்கமும் அண்ணாச்சியின் புகழ்தான்.

"ரவி, நீதான் எல்லார் கை வேலையையும் பார்க்கிறவன். இதை இங்கே வேறு யாராவது செய்ய முடியுமா? உண்மையைச் சொல்" என்று ஹிந்தியில் கேட்டார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்ம ஊர்க்காரரைப் பற்றி முதலாளி கேட்கிறார். "இங்கே என்ன சார், புனே பூராவும் தேடினாலும் கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும்" என்று அளந்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அத்தனையும் நிஜம்.

பராஞ்சபே தலையை ஆட்டிக்கொண்டார். "நானும் அதைத்தான் நினைத்தேன். அப்படிப்பட்ட ஆளை எடுத்து நாற்காலியில் உட்காரவைப்பது பைத்தியக்காரத்தனம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தடுமாறி ஏதோ சொல்லிப் பார்த்தேன், இருமல் என்றேன், மருத்துவர் என்றேன். முகமூடி வாங்கிக் கொடுக்கலாம் என்றார். நாசிக்கிலிருந்து டிப்ளமா படித்த ஒருவர் தீபாவளி கழிந்து என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் நாற்காலியை அண்ணாச்சிக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அது மனதில் தோன்றவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோன்றியது. சொல்லவில்லை.

விஷயத்தை நானே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?"

சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்தார். என்னை வையவில்லை.

"பொய் சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றார்.

நவம்பர் நடுவில் அகல்யாவுக்குப் பெண் பிறந்தது. பார்க்க போபோடிக்குப் போனேன். அண்ணாச்சி குளித்துவிட்டு வந்து, ஒரு போர்வையை நாலாக மடித்துக் கைகளில் விரித்துக்கொண்டு, அதன்மேல் குழந்தையை வாங்கினார். குழந்தை அவர் மேல் பட்டுவிடாமல் கையை நீட்டியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது. பட்டு அக்கா வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவரிடம் கெஞ்சினேன். "அடுத்த ராடைக் கெடுத்துடுங்க அண்ணாச்சி. அர சுத்து துணி கூட வைங்க. போதும். கை போயிட்டு, தூசி இல்லாத வேலைக்கு மாத்துங்கன்னு நானே எழுதிக் குடுத்துருதேன்."

"பாக்கேன்" என்றார்.

எட்டு ராடுகளும் ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வந்தன. கெடுத்திருப்பார் என்று ஒவ்வொரு தடவையும் நம்பினேன். வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், இணைப்பு இணைப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சின்னக் குறை கிடைத்தால் அதைப் பெரிதாக்கி எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன். எட்டாவதைப் பார்த்து முடித்தபோது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"முடியல தம்பி. கை கேக்க மாட்டேங்கு" என்றார்.

எட்டுக்கும் சரி என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.