கொடியில் இரண்டு கிளிகள்

அம்மா பிறந்தது தேவதானப்பட்டியில், ஒரு விவசாயக் குடும்பத்தில். கூடலூருக்கு மருமகளாக வந்தபோது, சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பழைய கதைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து அச்சு. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பூங்கொடி ஒன்று ஓடும். கொடியின் நடுவில் இரண்டு கிளிகள்.

குமுளிக்கு ஜீப் ஓட்டிய அப்பா காலமானபோது நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்த்தான் அம்மா எங்களை ஆளாக்கினார்கள். சாப்பாட்டு வேளையில், உடன் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார்கள். நடுநடுவே கிளிகளுக்கென்று ஒரு கதை ஓடும். அது புத்தகத்தில் இல்லாத கதை.

"நேத்து மூக்கோட மூக்கு வச்சிருந்துச்சுக. இன்னைக்குப் பேச்சுவார்த்தையே இல்ல" என்பார்கள். ஏலக்காய் வாசனையில் கிறங்கிக் கிடந்த அந்த மதியங்களில் எல்லாரும் அதை நம்பித்தான் கேட்டார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போன நானும் நம்பினேன்.

பின்னாளில் சர்க்கரை நோய் அம்மாவின் கண்ணைப் பிடித்தது. முதலில் எழுத்துகள் கரைந்தன. தடித்த கறுப்பில் இருந்த கொடி மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. அப்போதுதான் தாளின் பின்பக்கத்தைத் தடவத் தொடங்கினார்கள். மரக்கட்டை அழுந்திய இடத்தில் தாள் லேசாகப் புடைத்திருக்கும். அதன்மேல் விரல் ஊர்ந்து போகும்போது, தூக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் முகம் அம்மாவுக்கு வந்துவிடும்.

ஆனால் தாள் தொடத்தொட உதிர்ந்தது. அப்பாவைப் போலவே ஜீப் ஓட்டும் தம்பிக்கு அது பொறுக்கவில்லை. அம்மா கொண்டுவந்த சீரில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"தேனியில குடுத்து லேமினேசன் போட்டுருவோம்மா. எத்தன வருசமானாலும் அழியாது."

"மேல பிளாஸ்டிக்கு வந்துட்டா வெரலுக்கு என்னடா தெரியும்? எனக்கப்புறம் அது இருந்து யாருக்கு ஆகப்போகுது? நான் இருக்கவரைக்கும் இருந்தாப் போதாதா?"

தம்பி புத்தகத்தை அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் அழுததை நான் பார்த்தேன்.

அம்மா தடவத் தடவ, புடைப்பெல்லாம் தேய்ந்தது. ஒருநாள், "கிளியக் காணோமேடா" என்றார்கள். அந்தக் குரலை எங்களால் தாங்க முடியவில்லை. தம்பி ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையைத் துண்டின்மேல் விரித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி அழுத்திக் கிளிகளை வரைந்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. கிளிகள் கோழி மாதிரிதான் வந்தன.

அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா வெகுநேரம் தடவினார்கள்.

"இது அந்தக் கிளி இல்லையே."

"இல்லம்மா."

"தெரியும்டா. நீ வளத்ததாக்கும். அதான் நல்லாத் தின்னு கொழுத்திருக்கு."

அம்மா கண்மூடிய காலையில் அந்த அட்டை கைக்குள் இருந்தது. அதை அம்மாவோடு அனுப்பிவிட்டோம்.

அழைத்த நேரமெல்லாம் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தம்பியின் நண்பர்களுக்கும், முடியாத நாட்களில் வந்து தலை வாரிவிட்ட ஏலக்காய்க் கடைத் தோழிகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

புத்தகம் தம்பி வீட்டில் இருக்கிறது. வந்தால் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் உதிரட்டும் என்று தம்பியே சொல்லிவிட்டான்.